விதை வாங்கும் பருவம்

ஒரு காலத்தில் தனிக் கிராமமாக இருந்த தொம்மலூர் இன்று பெங்களூர் நகரின் ஒரு பகுதியாகிவிட்டது. நகருக்கு அப்பால் ஹொஸ்கோட்டை, ஆனேக்கல் வட்டாரங்களில் கேழ்வரகு இன்றும் பெரும்பாலும் மானாவாரியாகவே பயிரிடப்படுகிறது. அங்குள்ள சிறு விவசாயி விதையை முன்கூட்டி வாங்காமல் மழையை எதிர்நோக்கியிருப்பது அசட்டையினால் அன்று.

கேழ்வரகு பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும் பயிராகும். ஆதலின், நல்ல கதிர்களைப் பொறுக்கி வைத்த விதை சில ஆண்டுகளுக்குக் குணம் மாறாது. மக்காச்சோளத்தின் வீரிய ஒட்டு விதையோ மறு விளைச்சலில் வீரியம் குன்றும். அதனை ஆண்டுதோறும் வாங்கியே தீரவேண்டும். கேழ்வரகு விதையை விவசாயி வாங்குவது, கைவிதை தீர்ந்தபோதும், கலப்பு மிகுந்தபோதும், குலைநோயைத் தாங்கும் ஜி.பி.யு. 28 போன்ற ரகத்தை நாடும்போதுமே ஆகும்.

எந்த ரகம் என்பதை மழையே முடிவு செய்கிறது. ஜூலையில் மழை பெய்தால் ஏறத்தாழ 120 நாள் ரகம் ஏற்றது. ஆகஸ்டு வரை தாமதித்தால் ஏறத்தாழ 100 நாள் ரகமே முதிர்ந்து பலன் தரும். முன்னரே வாங்கிய நீண்டகால விதை அப்போது பயன்படாது, கைப்பணமும் முடங்கும். ஆகையால், குறுகியகால விதையும் மழைக்கு முன்பே விற்பனை நிலையத்தில் இருப்பில் உள்ளதா எனக் களப்பணியாளர் உறுதி செய்தல் வேண்டும்.