குவாண்டம் இன்டர்நெட்: இரண்டு வைரங்களை இணைப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்?

தூரத்தில் உள்ள இரண்டு வைரச் சில்லுகளை குவாண்டம் முறையில் இணைப்பது ஃபோட்டான்கள், அதாவது ஒளித்துகள்கள். இரண்டு பக்கமிருந்தும் வரும் ஃபோட்டான்கள் நடுவில் ஓர் ஒளிப்பிரிப்பானில் சந்திக்கும். எது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கவே முடியக்கூடாது. நிறத்தில் துளி வித்தியாசம் இருந்தாலும் இணைப்பு கெட்டுவிடும்.

சிக்கல் என்னன்னா, வைரத்துக்கு வைரம் நிறம் கொஞ்சம் மாறும். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் விஞ்ஞானிகள் கடும் குளிரில், மின்புலம் கொடுத்து நிறத்தை ட்யூன் செய்தார்கள். 2015இல் 1.3 கிலோமீட்டர் இடைவெளியில் வெற்றி! ஆனாலும் 220 மணி நேரத்தில் கிடைத்தது 245 இணைப்புகள்தான். ஒரு காரணம், வைரம் உமிழும் ஃபோட்டான்களில் சுமார் 3 சதவீதம்தான் தேறும்; மீதியின் நிறத்தை வைரத்தின் அதிர்வே கெடுத்துவிடுகிறது. 2017இல் ஸ்விட்சர்லாந்தின் பாசல் குழு, வைரத்தை இரு குட்டிக் கண்ணாடிகளுக்கு நடுவே வைத்து அந்த 3ஐ 46 சதவீதமாக்கியது.