கடவுள் இல்லை என்று இணையத்தில் எழுதுவது குற்றமா? சட்டம் கூறுவது என்ன?

கடவுள் இல்லை என்று கூறுவது இந்தியச் சட்டப்படி குற்றம் அன்று. அரசமைப்புச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு மனச்சான்றுச் சுதந்திரத்தை உறுதி செய்கிறது. எந்த மதத்தையும் ஏற்காமல் வாழும் உரிமையும் அதில் அடங்கும். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்று என 51ஏ பிரிவு குறிப்பிடுகிறது. இருப்பினும், இறைமறுப்புப் பேச்சுகளும் பதிவுகளும் இணையத்தில் பரவுவதைத் தொடர்ந்து, அவற்றை வெளியிட்டோர் மீது வழக்குகள் பதிவாவதும், சில நேரங்களில் அவர்கள் தாக்கப்படுவதும் நிகழ்ந்து வருகின்றன.

தெலங்கானா மாநிலம் விகாராபாத் மாவட்டம் கொடங்கலில் 2022 டிசம்பரில் நடைபெற்ற கூட்டத்தில் நாத்திக அமைப்பின் தலைவர் பைரி நரேஷ் ஐயப்பன் குறித்துப் பேசிய காணொலி சமூக ஊடகங்களில் பரவியது. ஐயப்ப பக்தர்கள் பல இடங்களில் போராட்டத்தில் ஈடுபட்டனர். அந்த மாத இறுதிக்குள் அவர் கைது செய்யப்பட்டார். அரங்கில் இருந்தோருடன் முடிந்திருக்கக்கூடிய ஒரு பேச்சு, கைப்பேசிகளின் வழியே மாநிலம் தழுவிய விவகாரமாக மாறியது.

ஒரு நம்பிக்கையை ஆராய்வதும், அந்த நம்பிக்கை கொண்டோரை இழிவுபடுத்துவதும் ஒன்றல்ல. சட்டமும் இவ்வேறுபாட்டை ஏற்கிறது. ஆனால் அந்த வேறுபாட்டை யார், எந்தக் கட்டத்தில் முடிவு செய்கிறார் என்பதில்தான் சிக்கல் உள்ளது.

துண்டுப் பிரசுரத்தில் தொடங்கிய சட்டம்

இத்தகைய வழக்குகளில் பெரும்பாலும் பயன்படுத்தப்பட்டு வந்தது இந்திய தண்டனைச் சட்டத்தின் 295ஏ பிரிவு. 1924-இல் லாகூரில் வெளியான ஒரு துண்டுப் பிரசுரம் நபிகள் நாயகத்தை இழிவுபடுத்துவதாகக் கடும் எதிர்ப்பு எழுந்தது. அதன் பதிப்பாளரை அப்போதைய சட்டத்தின் கீழ் தண்டிக்க இயலாது எனக் கூறி லாகூர் உயர் நீதிமன்றம் 1927-இல் விடுவித்தது. அந்த இடைவெளியை நிரப்ப அதே ஆண்டில் 295ஏ பிரிவு இயற்றப்பட்டது. விடுதலையான பதிப்பாளர் 1929-இல் குத்திக் கொல்லப்பட்டார்.

வரலாற்று ஆய்வும் சமய விமர்சனமும் இதில் சிக்கிவிடக் கூடாது என்பதற்காகவே, ‘வேண்டுமென்றே, தீய உள்நோக்கத்துடன்’ அவமதித்தால் மட்டுமே குற்றம் என்ற நிபந்தனை பிரிவில் இடம்பெற்றது. ராம்ஜி லால் மோடி வழக்கில் 1957-இல் இப்பிரிவு செல்லும் எனத் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வும் இந்த நிபந்தனையையே அடிப்படையாகக் கொண்டது. கவனக்குறைவாகவோ அறியாமலோ நேரும் அவமதிப்பு இதற்குள் வராது என்பதை 2017-இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் தெளிவுபடுத்தியது. கிரிக்கெட் வீரர் மகேந்திர சிங் தோனியை விஷ்ணுவாகச் சித்தரித்த பத்திரிகை அட்டைப்படம் தொடர்பான வழக்கு அது.

2024 ஜூலை 1 முதல் இப்பிரிவின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 299-ஆவது பிரிவு நடைமுறைக்கு வந்துள்ளது. முன்போலவே மூன்று ஆண்டுகள் வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். ‘மின்னணு வழிகள்’ என்ற சொற்கள் புதிதாகச் சேர்க்கப்பட்டுள்ளன. ஆகவே முகநூல் பதிவும் காணொலியும் இப்போது வெளிப்படையாகவே இச்சட்டத்தின் வரம்புக்குள் உள்ளன.

வழக்கே தண்டனையாகும்போது

உள்நோக்கம் இருந்ததா என்பதை நீதிமன்றம் விசாரணையின் முடிவில்தான் தீர்மானிக்கும். அதற்கு வெகு முன்பே கைது நிகழ்ந்துவிடக் கூடும். இக்குற்றத்தில் பிடியாணையின்றிக் கைது செய்யலாம். ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது. நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு ஏற்க மத்திய அல்லது மாநில அரசின் முன் அனுமதி கட்டாயம். நல்ல பாதுகாப்புதான். ஆனால் கைதுக்கு அந்த அனுமதி தேவையில்லை என்பதால், பாதுகாப்பு தாமதமாகவே வந்து சேருகிறது. ஏழு ஆண்டுகள் வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைதை வழக்கமான நடைமுறையாக்கக் கூடாது என உச்ச நீதிமன்றம் 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் அறிவுறுத்தியுள்ளது. அதைக் கடைப்பிடிப்பது அந்தந்தக் காவல் நிலையத்தின் கையில் உள்ளது.

பகுத்தறிவாளர் சனல் இடமருகு மீதான வழக்கு இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு. மந்திரத்தால் தம்மைக் கொல்லுமாறு ஒரு தாந்திரீகருக்கு 2008-இல் தொலைக்காட்சி நேரலையில் அவர் விடுத்த சவால், பின்னர் யூடியூப் வழியே உலகெங்கும் பரவியது. 2012-இல் மும்பை விலே பார்லே பகுதியிலுள்ள தேவாலயம் ஒன்றில் சிலுவையின் பாதத்திலிருந்து நீர் சொட்டுவதை மக்கள் அற்புதமாகக் கருதினர். அங்கு சென்ற இடமருகு, அருகிலிருந்த கழிவுநீர்க் குழாயின் அடைப்பால் தேங்கிய நீர் சுவரின் நுண்துளைகள் வழியே மேலேறிச் சிலுவையை அடைவதாக விளக்கினார். அற்புதங்களைக் காட்டிப் பணம் திரட்டுவதாகத் திருச்சபை மீது தொலைக்காட்சி விவாதத்தில் குற்றமும் சாட்டினார். மும்பையின் பல காவல் நிலையங்களில் புகார்கள் அளிக்கப்பட்டன. முன்ஜாமீன் மறுக்கப்பட்ட நிலையில், அதே ஆண்டில் அவர் ஃபின்லாந்துக்குச் சென்றார். நீர் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி நீதிமன்றத்தை எட்டாமலேயே விவகாரம் திசைமாறியது.

இணையப் பதிவு எந்த ஊரிலும் திறக்கப்படக் கூடியது என்பதால், புகாரும் எந்த ஊரிலும் எழக் கூடும். மறுபுறம், இறைமறுப்பாளர்களுக்கு இணையத்தை விட்டால் வேறு களம் குறைவு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தம்மை நாத்திகர் எனப் பதிவு செய்தோர் சுமார் 33,000 பேர் மட்டுமே. நாடெங்கும் சிதறி வாழும் அவர்கள் ஒருவரையொருவர் கண்டறிவது பெரும்பாலும் சமூக ஊடகங்களில்தான்.

இணையப் பதிவுகளுக்கு எதிராகப் பரவலாகப் பயன்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்து செய்தது. இணையதளங்களை முடக்க அரசுக்கு அதிகாரமளிக்கும் 69ஏ பிரிவு நீடிக்கிறது.

சட்டத்திற்கு வெளியே உள்ள ஆபத்து இதனினும் கொடியது. திராவிடர் விடுதலைக் கழகத்தைச் சேர்ந்த 31 வயது ஃபாரூக் 2017 மார்ச்சில் கோவையில் வெட்டிக் கொல்லப்பட்டார். முகநூலிலும் வாட்ஸ்அப் குழுவிலும் இறைமறுப்புக் கருத்துகளை அவர் பகிர்ந்து வந்தது சிலரின் சினத்துக்கு ஆளானதே கொலைக்குக் காரணம் எனக் காவல் துறை தெரிவித்தது. அவர் பிறந்து வளர்ந்த சமூகத்தைச் சேர்ந்தவர்களே கைதாயினர். மகனின் மறைவுக்குப் பின், தாமும் அதே இயக்கத்தில் இணையப்போவதாக அவருடைய தந்தை செய்தியாளர்களிடம் கூறினார்.