தாண்டிய தூரமும் எலும்பின் வலுவும்

பள்ளிக்கூடத்தில் பிட்னஸ் டெஸ்ட் என்றதும் 600 மீட்டர் ஓட்டம்தான் நினைவுக்கு வரும். சி.பி.எஸ்.இ. பாடத்திலுள்ள கேலோ இந்தியா சோதனையில் பெரிய பிள்ளைகளுக்கு 50 மீட்டர் ஓட்டம், தண்டால் எல்லாம் உண்டு, தாண்டுதல் இல்லை. எலும்பைப் பற்றி ஓரளவு தெரிந்துகொள்ள அதுதான் தேவை. அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 2012-இல் இளையோரின் தசை வலுவை அளக்கப் பரிந்துரைத்தவையும் இரண்டே: நின்ற இடத்திலிருந்து தாண்டுவது, கைப்பிடி வலு. தசை இழுக்க இழுக்க எலும்பு கெட்டிப்படும். பெண்பிள்ளைகளுக்குப் பன்னிரண்டரை வயதிலும் பையன்களுக்குப் பதினான்கை ஒட்டியும் எலும்பில் சுண்ணாம்புச்சத்து மிக வேகமாகச் சேர்கிறது. ஆகவே ஆறாம் வகுப்பிலேயே தொடங்கலாம்.

திருச்சி தென்னூர் உழவர் சந்தை மைதானம் மாதிரி சமமான கெட்டித் தரை போதும். வெயில் ஏறும் முன், காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். முதலில் உயரம், எடை, பிறந்த தேதி. பிறகு பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்க வேண்டும். முழங்காலில் வலி, அண்மையில் எலும்பு முறிவு இருந்தால் அந்தப் பிள்ளை தாண்ட வேண்டாம்.

சுண்ணாம்பில் ஒரு கோடு. அதற்குப் பின்னால் இரு கால்களையும் தோள் அகலத்துக்கு வைத்து, முழங்காலை மடக்கி, கையைப் பின்னுக்கு வீசி ஒரே மூச்சில் தாண்ட வேண்டும். இரண்டு பாதமும் ஒன்றாக இறங்க வேண்டும். டேப்பைப் பிடிப்பவர்தான் இங்கே கவனிக்க வேண்டியவர்: கோட்டிலிருந்து, பின்னால் இருக்கும் குதிகாலின் பின்விளிம்பு வரை அளக்க வேண்டும், கட்டைவிரல் வரை அல்ல. பின்பக்கம் சாய்ந்து கையை ஊன்றினால் அது கணக்கில் வராது, மறுபடி தாண்டட்டும். சரியாக அமைந்த இரண்டில் நல்லதை எழுதுங்கள். மணல் குழியில் குதிகால் புதைந்து தூரம் தடுமாறும், அது வேண்டாம்.

கைப்பிடிக்கு டைனமோமீட்டர் வேண்டும். பிடியைக் கை அளவுக்கு மாற்றி, முழங்கையை நீட்டி, கருவி உடம்பில் படாமல் சில நொடி இறுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கைக்கும் இரண்டு முறை; இரு கைகளின் சிறந்த அளவுகளுக்குச் சராசரி.

இனி எண்ணைப் படிக்கும் வேலை. இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். குண்டான பையன் குறைவாகத் தாண்டுவான். அதனால் அவன் எலும்பு மெலிந்தது என்று ஆகாது. முன்கூட்டி வயதுக்கு வந்தவர்கள் வகுப்புத் தோழர்களை முந்துவார்கள். நீச்சல்காரப் பிள்ளை நல்ல உடல்வலுவோடு இருந்தாலும் எலும்பு அடர்த்தி அந்த அளவுக்குக் கூடியிருக்காது. தண்ணீர் உடல் பாரத்தைத் தாங்கிவிடுகிறது. எனவே வயது, பால், உயரம், எடை பார்த்துத்தான் ஒப்பிட வேண்டும். இது சல்லடை மட்டுமே, நோய்க்கணிப்பு இல்லை. எலும்பு அடர்த்தியை அளப்பது டெக்ஸா ஸ்கேன்; பிள்ளைகளுக்கு அதிலும் அதே வயதினரோடு ஒப்பிடும் இசட் மதிப்பையே பார்ப்பார்கள்.

லேசாக விழுந்ததற்கே எலும்பு முறிந்த பிள்ளை, மாதவிடாய் நின்றுபோன விளையாட்டுக்காரப் பெண்பிள்ளை, மூட்டுவலிக்காகவோ வேறு நோய்க்காகவோ நெடுநாள் ஸ்டீராய்டு சாப்பிடும் பிள்ளை: இவர்கள் எவ்வளவு தாண்டினாலும் புத்தூர் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். மற்றவர்களுக்கு ஸ்கிப்பிங், பாண்டி ஆட்டம், கேழ்வரகு, பால், கொஞ்சம் வெயில். 13 முதல் 15 வயதுக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் என்கிறது ஐ.சி.எம்.ஆர். ஆறு மாதம் கழித்து அதே தரையில், அதே காலணியோடு மறுபடி அளந்து, அந்தப் பிள்ளையின் பழைய எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.