சோம்பேறி நாய் ஒன்று வேண்டும் என்பவர்களுக்கு

2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை போயிருந்தது. அப்போது நான் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் ஐந்தாம் மாடியில் வாடகைக்கு இருந்தேன். எதிர்வீட்டு அன்ரி ஒரு பக் நாய் வளர்த்தார். சப்பை மூக்கு, சுருங்கிய முகம், உருண்டைக் கண்கள், மூன்று வயது. கணவர் இறந்த பிறகு தனித்திருந்தவருக்கு லண்டனில் உள்ள மகள் வாங்கிக் கொடுத்தது. "ஓடாது, குலைக்காது, நாள் முழுக்கப் படுத்துக் கிடக்கும். என்னை மாதிரித்தான்" என்று அன்ரி சொல்லிச் சிரிப்பார்.

அன்று பிற்பகல் மின்விசிறி நின்று மூன்று மணிநேரம் ஆகியிருக்கும். நாய் மூச்சுக்கு இழுக்கும் சத்தம் எங்கள் கதவு வரை கேட்டது. போய்ப் பார்த்தபோது அதன் நாக்கு நீலம் பாரித்திருந்தது. லிப்ட் இல்லை. ஈரத் துவாயில் சுற்றிக்கொண்டு ஐந்து மாடியும் இறங்கினோம். பெற்றோல் உள்ள ஓட்டோ ஒன்றைப் பிடிக்க அரைமணி நேரம் போனது. வைத்தியரிடம் போய்ச் சேரும் முன்பே அது இறந்துவிட்டது.

அன்றிலிருந்து யாராவது என்னிடம் "வீட்டில் வயதானவர்கள்தான் இருக்கிறார்கள், பேசாமல் கிடக்கிற நாய் எது?" என்று கேட்டால் என்னால் சட்டென்று ஒரு இனத்தின் பெயரைச் சொல்ல முடிவதில்லை.

கேள்வியில் பிழையில்லை. பிள்ளைகள் வெளிநாடு போய்விட்ட வீடுகள் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் நிறைய. வேலை முடிந்து ஏழு மணிக்கு வீடு திரும்பும் இளம் தம்பதிகள் இருக்கிறார்கள். நாய் வேண்டும், ஆனால் அதன் பின்னால் ஓட முடியாது. தங்களுக்கு எவ்வளவு முடியும் என்று முன்கூட்டியே யோசிப்பது, ஆசைக்கு வாங்கி ஆறு மாதத்தில் சங்கிலியில் கட்டிவிடுவதைவிட எவ்வளவோ மேல். சிக்கல் விடையில்தான் இருக்கிறது. பக், பிரெஞ்சு புல்டோக், இங்கிலிஷ் புல்டோக், ஷிட்சு என்று இணையத்தில் காணும் பட்டியல்களில் பெரும்பாலானவை சப்பை மூக்கு நாய்கள். அந்தப் பட்டியல்கள் குளிர் நாடுகளில், குளிரூட்டி உள்ள வீடுகளுக்காக எழுதப்பட்டவை.

நாய்க்கு நம்மைப் போல உடல் முழுதும் வியர்ப்பதில்லை. பாதங்களின் அடியில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். உடல் சூட்டை அது வெளியேற்றுவது பெரும்பாலும் மூச்சால். வாயைத் திறந்து, நாக்கைத் தொங்கவிட்டு இளைக்கும்போது நாக்கிலும் மூக்கின் உட்புறத்திலும் உள்ள ஈரம் ஆவியாகி இரத்தத்தைக் குளிர்விக்கிறது. நீண்ட மூக்குக்குள் சுருள் சுருளாக மடிந்திருக்கும் மெல்லிய எலும்புகளும் அவற்றை மூடிய ஈரச் சவ்வும்தான் இந்த வேலையைச் செய்கின்றன. மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கி அந்த மூக்கைச் சப்பையாக்கியபோது எலும்பு குறுகியது. உள்ளே இருந்த சதை அதே அளவுக்குக் குறுகவில்லை. நாசித் துவாரம் ஒரு கீற்றாகிவிட்டது. மென்அண்ணம் நீண்டு தொண்டையை அடைக்கிறது. நாம் செல்லமாக ரசிக்கும் குறட்டை அந்த அடைப்பின் சத்தம்.

நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 38 முதல் 39 பாகை செல்சியஸ். 41ஐத் தாண்டினால் உயிராபத்து. கொழும்பின் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் ஆவியாதல் மெதுவாகத்தான் நடக்கும். நல்ல மூக்குள்ள நாயே திணறும் நிலையில், சப்பை மூக்கு நாய் குளிர்வதற்காக வேகமாக மூச்சு விடுகிறது. அடைத்த தொண்டையால் காற்றை இழுக்க உழைப்பு கூடுகிறது. அந்த உழைப்பே மேலும் சூட்டை உண்டாக்குகிறது. தொண்டைச் சதை வீங்கி வழி இன்னும் குறுகுகிறது. எதிர்வீட்டு நாய் நாள் முழுக்கப் படுத்துக் கிடந்தது சோம்பலால் மட்டுமல்ல என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. எழுந்து ஓட அதற்கு மூச்சுப் போதவில்லை.

இது என் தனிப்பட்ட கோபம் என்று நினைக்க வேண்டாம். நம்மவர்கள் கணிசமாக வாழும் நோர்வேயில் இது நீதிமன்றம் வரை போனது. இங்கிலிஷ் புல்டோக்கையும் கவலியர் கிங் சார்ள்ஸ் ஸ்பானியலையும் இனப்பெருக்குவது விலங்கு நலச் சட்டத்துக்கு முரண் என்று 2022இல் ஒஸ்லோ மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேன்முறையீட்டில் புல்டோக் தப்பியது. கவலியர் விடயத்தில் 2023இல் உச்ச நீதிமன்றமும் இனப்பெருக்குபவர்களுக்கு எதிராகவே தீர்ப்புச் சொன்னது. அமைதியான நாய்ப் பட்டியல்களில் கவலியரும் தவறாமல் வரும். அதன் குணம் உண்மையிலேயே சாது. ஆனால் இதய வால்வு நோய் அந்த இனத்தை விடாமல் துரத்துகிறது.

அடுத்த பிழை, சின்ன நாய் என்றால் அடங்கிக் கிடக்கும் என்ற எண்ணம். ஜாக் ரசல் மடியில் அடங்கும் அளவுதான். நரியை வளையிலிருந்து கிளப்புவதற்காக உருவாக்கப்பட்ட அது, காலையில் ஒருமுறை நடந்தால் பத்து நிமிடத்தில் அடுத்ததுக்குத் தயார். பொமரேனியன் அவ்வளவு ஓடாது. ஆனால் மாடிப்படியில் யார் ஏறினாலும் குலைக்கும். மறுபக்கம், கிரேஹவுண்ட் உலகின் மிக வேகமான நாய். மணிக்கு 70 கிலோமீற்றர் வரை ஓடும். அதே நாய் வீட்டுக்குள் பகலின் பெரும்பகுதியைத் தூங்கியே கழிக்கிறது. வெளிநாடுகளில் பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற கிரேஹவுண்டுகளை வயதானவர்கள் விரும்பித் தத்தெடுப்பது இதனால்தான்.

ஒரு இனம் எந்த வேலைக்காக உருவானது என்று கேட்டால் ஓரளவு விடை கிடைக்கும். ரிக்ரொக்கில் சோபாவில் மல்லாந்து கிடக்கும் ஹஸ்கி, பனியில் வண்டி இழுக்கப் பிறந்தது. அல்சேஷன் ஆடு மேய்த்தது. லப்ரடோர் சாது என்பது உண்மை, மூன்று நான்கு வயதுக்குப் பிறகு. அதுவரை வீட்டில் செருப்பு மிஞ்சாது.

இனத்தை அறிந்தால் எல்லாம் அறிந்ததாகிவிடுமா? 2022இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்று 18,000க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி உரிமையாளர்களிடம் கேட்டு, அவற்றில் 2,000க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுவையும் ஆராய்ந்தது. தனித்தனி நாய்களின் நடத்தைகளுக்கு இடையிலான வேறுபாட்டில் ஏறத்தாழ 9 சதவீதத்தையே இனத்தைக் கொண்டு விளக்க முடிந்தது. இனம் ஒன்றுமே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் இனத்தின் பெயருக்காக இலட்சக்கணக்கில் கொடுத்து 'அமைதி' வாங்க நினைப்பவர் சீட்டுக் குலுக்குகிறார்.

வயது அப்படியல்ல. எட்டு வாரக் குட்டியின் குணம் யாருக்கும் தெரியாது. ஐந்து வயது நாயின் குணம் ஒரு பிற்பகல் பக்கத்தில் இருந்து பார்த்தாலே தெரியும். அமைதி வேண்டும் என்றால் குட்டி வேண்டாம், வளர்ந்த நாயை எடுங்கள் என்பதுதான் என் கருத்து. "குட்டியிலிருந்து வளர்த்தால்தான் ஒட்டும்" என்பார்கள். எங்கள் வீட்டு அனுபவம் வேறு.

கொக்குவிலில் உள்ள என் அப்பா அம்மாவுக்கு ஒரு நாய் வேண்டுமென்று கனடாவில் இருக்கும் அண்ணா பிரெஞ்சு புல்டோக் வாங்கக் காசு அனுப்பத் தயாராக இருந்தார். வீட்டில் குளிரூட்டி இல்லை. அப்பாவுக்கு முழங்கால் நோ. அயலில் ஒரு குடும்பம் வளவை விற்றுவிட்டுப் போனபோது விட்டுச் சென்ற ஊர்நாய் ஒன்று, நான்கு வயதுப் பெட்டை, அம்மாவிடம் ஏற்கெனவே சோறு வாங்கித் தின்றுகொண்டிருந்தது. அதையே வைத்துக்கொண்டோம். தடுப்பூசி போட்டு, கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்ததற்கு ஆன செலவு, அண்ணா அனுப்ப இருந்த காசில் ஒரு மூலைக்குக் காணாது.

நம் ஊர்நாய்களை யாரும் வடிவுக்காக இனப்பெருக்கவில்லை. நீண்ட மூக்கு, குட்டை மயிர், ஒட்டிய வயிறு எல்லாம் இந்த வெக்கைக்குப் பொருந்தியவை. காலையில் ஒழுங்கையில் ஒரு சுற்று, பின்னேரம் இன்னொரு சுற்று. இடையில் விறாந்தைச் சீமெந்தில் படுக்கை, வெயில் நகர நகர இடம் மாறும்.

குறை இல்லாமல் இல்லை. இரவில் குலைக்கும், பக்கத்து ஒழுங்கை நாய் தொடங்கினால் இதுவும் தொடரும். முதல் மாதம் மோட்டார்சைக்கிள்களைத் துரத்தியது. படலையை ஒழுங்காகச் சாத்திவைக்க வேண்டியிருந்தது. தொடர்மாடி வீட்டுக்கு எல்லா ஊர்நாயும் சரிவராது. தெருவிலேயே வளர்ந்து பழகியதைக் கொண்டுபோய் ஐந்தாம் மாடியில் அடைப்பது கொடுமை. வீட்டுக்குள் வளர்ந்த கலப்பின நாய் அங்கே பொருந்தும். எதுவானாலும் வருடாந்த விசர்நாய்த் தடுப்பூசி தவறக்கூடாது. அரச ஏற்பாட்டில் அது இலவசமாகவே போடப்படுகிறது.

எந்த நாயைப் பார்க்கப் போனாலும் தூங்கும்போது பாருங்கள். நிமிடத்துக்கு 30க்கு மேல் மூச்சு விட்டால், அதுவும் சத்தத்தோடு என்றால், கவனம். பத்து நிமிடம் நடக்கவிட்டு, பழைய நிலைக்குத் திரும்ப எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பாருங்கள். நாசித் துவாரம் திறந்திருக்கிறதா? தாய் நாயைக் காட்ட மறுப்பவரிடம் குட்டி வாங்காதீர்கள். சங்கிலியில் அசையாமல் கிடக்கும் நாயை 'சாது' என்று நம்பிவிட வேண்டாம். அவிழ்த்துவிட்ட பிறகு பாருங்கள். சோம்பேறி நாய்க்கும் நாளுக்கு இருபது முப்பது நிமிட நடை வேண்டும். அது நடக்காமல் கொழுத்தால் மூட்டும் மூச்சும் சேர்ந்து போகும்.

சப்பை மூக்கு நாய் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறதா? குற்ற உணர்ச்சி வேண்டாம். உடம்பு ஏறவிடாதீர்கள். கழுத்துப் பட்டியை எடுத்துவிட்டு நெஞ்சுப் பட்டி போடுங்கள். நடையை விடியற்காலைக்கு மாற்றுங்கள். வெக்கையில் விழுந்துவிட்டால், முதலில் குளிர்விப்பு, பிறகு வாகனம். உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, மட்டையாலோ பத்திரிகையாலோ காற்று வீசுங்கள். ஈரத் துவாயால் சுற்றி மூடிவைக்காதீர்கள், சூடு உள்ளேயே நின்றுவிடும். அன்று படியிறங்கியபோது எங்களில் ஒருவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை.

எதிர்வீட்டு அன்ரியைப் போன மாதம் பார்த்தேன். அவுஸ்திரேலியா போன ஒரு குடும்பம் விட்டுச் சென்ற எட்டு வயதுக் கலப்பின நாய் இப்போது அவருடன் இருக்கிறது. முகத்தில் நரை, ஒரு காது மடிந்திருந்தது. நான் உள்ளே போனபோது தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டது. மூச்சுச் சத்தம் கேட்கவில்லை. "இரவில எழும்பி மூச்சு வருதோ எண்டு கையை வைச்சுப் பாக்கிறனான்" என்றார் அன்ரி.