மலையகப் பாடசாலை: ஒரு வரவு செலவுக் கணக்கு

2012 குடிசன மதிப்பீட்டில் இலங்கையின் எழுத்தறிவு 100க்கு ஏறத்தாழ 96. தோட்டத்துறையில் 86 அளவில்தான். அந்தப் பத்துப் புள்ளி இடைவெளிக்குப் பிள்ளைகளின் திறமை காரணமல்ல. மலையகக் கல்வியைப் பின்தள்ளுவன காலம், கூலி, தூரம் என்ற மூன்று செலவுகள்.

காலம்: 1920ஆம் ஆண்டுச் சட்டம் 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளின் தாய்மொழிக் கல்வியைத் தோட்டத் துரையின் (நிர்வாகியின்) பொறுப்பாக்கியது. 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் வெளியே விடப்பட்டன. அரசு அவற்றைப் பெருமளவில் பொறுப்பேற்கத் தொடங்கியது 1977இல். இழந்தது 32 ஆண்டுகள்: ஒன்றன்பின் ஒன்றாக ஆறு தொகுதிப் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து ஐந்தாம் வகுப்பை முடித்திருக்கக்கூடிய காலம்.

ஆசிரியர் கூலி: 2015இல் தோட்டப் பாடசாலைகளுக்குச் சுமார் 3,000 உதவி ஆசிரியர்கள் எடுக்கப்பட்டார்கள். மாதக் கொடுப்பனவு 6,000 ரூபாய். அன்று கொழுந்து பறிப்பவரின் நாட்கூலி 620. தோட்டத்தில் ஒரு நாள் முழுக் கூலி ஒரு 'பேர்'. உயர்தரம் முடித்த ஆசிரியருக்கு மாதம் முழுக்கக் கிடைத்தது பத்துப் பேருக்கும் குறைவு. பின்னர் 10,000 ஆனபோது நாட்கூலி 730. அப்போதும் அது பதினான்கு பேரை எட்டவில்லை.

தூரம்: உயர்தரத்தில் விஞ்ஞானமும் கணிதமும் படிக்கப் பெரும்பாலான பிள்ளைகள் தோட்டத்தை விட்டு ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா என்று நகரத்துக்குப் போக வேண்டும். பாடசாலை சீசன் டிக்கெட் உண்டு; ஆனால் பல தோட்டத்து ரோட்டுகளில் அரசின் இ.போ.ச. பஸ் ஏறுவதில்லை. வேன், ஆட்டோவுக்கு நாளுக்கு 200 ரூபாய் என்று வைத்தால் 20 நாளுக்கு 4,000. 2024 செப்டம்பரில் நிர்ணயித்த 1,350 ரூபாய்க் கூலியில் அது மூன்று பேர். பறித்த கொழுந்தின் நிறை குறைந்து அரைப் பேர் (பாதிக் கூலி) விழுந்தால், ஆறு நாள் உழைப்பு.

வரவு: ஜெர்மனியின் உதவியோடு பத்தனையில் எழுந்த ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி மலையகத்துக்கு ஆசிரியர்களைத் தந்தது. 9 தோட்டப் பாடசாலைகளின் மேம்பாட்டுக்கான நன்கொடையை இந்தியா 30 கோடி இலங்கை ரூபாயிலிருந்து 60 கோடியாக்கியது; பாடசாலை ஒன்றுக்குச் சராசரி 6.6 கோடிக்கு மேல். கட்டடம் அவசியம். அதில் நின்று பௌதிகவியல் கற்பிக்கத் தமிழ்மொழி ஆசிரியரும் அவசியம்.

ஆகவே அடுத்த ரூபாய் போக வேண்டிய இடங்கள் இரண்டு: விஞ்ஞான, கணித ஆசிரியருக்கு முழுச் சம்பளமும் தங்குமிடமும், தோட்டத்து ரோட்டுக்குக் காலையும் மாலையும் ஒரு பஸ். 32 ஆண்டுக் கடனில் அரசு முதலில் அடைக்க வேண்டிய தவணை இதுதான்.