ஓரடி மேட்டில் ஒரு தோட்டம்

தக்காளியைப் பற்றிப் பேச்சு எழுந்தால், அது எப்படியும் 2023-ஆம் வருஷத்து ஜூலை மாதத்தில் போய்த்தான் நிற்கும். கிலோ நூறு ரூபாயைத் தாண்டிக் கொண்டு போயிற்று. சென்னையில் சர்க்காரே ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய் என்று விற்க ஆரம்பித்தது. சர்க்கரைக்கும் பருப்புக்கும் நின்ற வரிசையில் ஜனங்கள் தக்காளிக்கும் நின்றார்கள். பல வீடுகளில் ரசம் வெறும் புளியை நம்பிப் பிழைத்தது. "இனிமேல் கொல்லையில் நாலு செடியாவது வைத்துவிட வேண்டியதுதான்" என்று அந்த மாதத்தில் சபதம் செய்யாத குடும்பத் தலைவி இருந்திருப்பாரா என்பது சந்தேகம்.

வைத்தும் பார்த்திருப்பீர்கள். மதில் சுவருக்கும் துணி துவைக்கும் கல்லுக்கும் நடுவே கிடக்கும் இடத்தைக் கொத்தி, விதையைத் தூவினீர்கள். முளைத்தது. ஒரு சாண் வளர்ந்தது. அப்புறம் இலை மஞ்சளித்தது. மீதி இருந்ததை ஐப்பசி மழை பார்த்துக் கொண்டது. "எல்லாவற்றுக்கும் ஒரு கைராசி வேண்டும்" என்று சொல்லிக்கொண்டு மறுபடியும் பையைத் தூக்கிக் கொண்டு கடைக்குக் கிளம்பினீர்கள்.

கைராசியை விட்டுத் தள்ளுங்கள். குற்றம் உங்கள் கையில் இல்லை, காலடியில் இருக்கிறது.

நகரத்தில் வீட்டைச் சுற்றிக் கிடப்பதை நாம் மண் என்று மரியாதையாகச் சொல்கிறோமே, அது பெரும்பாலும் மண்ணே அல்ல. வீடு கட்டி முடித்த கொத்தனார், உடைந்த செங்கல், உதிர்ந்த காரை, சிமெண்டுக் குழம்பு எல்லாவற்றையும் கொட்டி, மேலே இரண்டு கூடை மணலைத் தூவி மட்டம் செய்துவிட்டுப் போன இடம் அது. சுண்ணாம்பும் சிமெண்டும் கலந்த மண் காரத் தன்மை கொண்டதாகிவிடும். அதில் இரும்புச் சத்து இருந்தாலும் செடியால் அதை உறிஞ்ச முடியாது. இளம் இலையில் நரம்பு மட்டும் பச்சையாக இருந்து, நடுப்பகுதி மஞ்சளாக வெளுக்கிறது பாருங்கள், அது பெரும்பாலும் இந்தக் கோளாறுதான். இலை முன்னே பந்தி பரிமாறிவிட்டு வாயைக் கட்டிப் போட்ட கதை!

மழைக் காலத்து விபத்து வேறு மாதிரி. சென்னைக்கு வருஷத்தில் கிடைக்கும் மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. நடந்து நடந்து இறுகிப் போன தரையில் அந்த ஜலம் இறங்க வழியில்லை. வேருக்கும் மூச்சு உண்டு. இரண்டு நாள் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றால் வேர் திணறிப் போகும். மிளகாய்ச் செடியும் தக்காளிச் செடியும் தலையைத் தொங்கப் போட்டுவிடும். இதில் வேடிக்கை, வாடுகிறதே என்று இரக்கப்பட்டு இன்னும் ஒரு செம்பு ஜலம் ஊற்றுகிறவர்களும் உண்டு.

குழந்தைகள் உள்ள வீட்டில் இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். பழைய வீடுகளின் கதவு, ஜன்னல் பெயிண்டில் ஈயம் கலந்திருந்தது சகஜம். வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி நம் தேசத்தில் அமலுக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். பழைய பெயிண்டைச் சுரண்டிய தூள் சுவரோரத்து மண்ணில் விழுந்தால் அங்கேயே தங்கிவிடும். அந்த மண் ஒட்டிக்கொண்ட கீரையை, எவ்வளவு பசுமையாக இருந்தாலும், நான் குழந்தைக்குப் பிசைந்து போடமாட்டேன்.

அப்படியானால் என்ன செய்வது? கெட்டுப் போன தரையோடு மல்லுக்கு நிற்காமல், அதன் மேலேயே ஓரடி உயரத்துக்கு நல்ல மண்ணை நாமே தயார் செய்து வைத்துக் கொள்வது. இதற்குப் பெயர் மேட்டுப்பாத்தி. பெயர் நம்மவர்களுக்குப் புதிதல்ல. கத்தரி, மிளகாய் நாற்று விடுகிற குடியானவர் மேட்டுப்பாத்தியில்தான் விடுவார். நாற்றின் காலில் ஜலம் தேங்கக் கூடாது என்பது அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்காமலே தெரியும்.

ஒரு நகரமே இந்த மேட்டுப்பாத்தியைக் கட்டிக்கொண்டு பஞ்சத்தைச் சமாளித்தது என்றால் நம்புவீர்களா? கியூபா தேசத்தின் தலைநகரம் ஹவானா. 1991-இல் சோவியத் யூனியன் கலைந்தது. அங்கிருந்து வந்து கொண்டிருந்த எண்ணெயும் உரமும் நின்றன. வயலில் டிராக்டர் ஓடவில்லை. விளைந்ததைப் பட்டணத்துக்குக் கொண்டு வரவும் லாரிக்கு எண்ணெய் இல்லை. ஜனங்கள் பட்டணத்துக்குள்ளேயே காலி மனைகளில் பயிரிட முனைந்தார்கள். அங்கேயும் தரை முழுவதும் கல்லும் காரையும்தான். ஆகவே கையில் கிடைத்த கல்லையும் பலகையையும் வைத்து நீளநீளமாகக் கரை கட்டி, மண்ணும் மக்கிய எருவும் கலந்து நிரப்பி, அதில் கீரையும் காயும் போட்டார்கள். 'ஆர்கனோபோனிகோ' என்று அதற்கு அவர்கள் ஒரு நாமகரணமும் செய்தார்கள்.

நமக்கு ஹவானா அளவுக்கு வேண்டாம். மூன்றடி அகலம், ஆறடி நீளம், ஓரடி உயரம். ஒரு கட்டில் போடுகிற இடம் போதும்.

அகலத்தைப் பற்றி மட்டும் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுவேன். பாத்திக்குள் யாரும், எக்காரணத்தை முன்னிட்டும், கால் வைக்கக் கூடாது. கால் பட்டால் மண் இறுகும்; மண் இறுகினால் இத்தனை சிரமமும் வீண். ஆகையால் கரையோரத்தில் உட்கார்ந்தபடியே கை எட்டுகிற தூரம்தான் அகலம். இரு பக்கமும் நடமாட இடம் இருந்தால் நாலடி வரை போகலாம். சுவரை ஒட்டிக் கட்டினால் இரண்டடிக்கு மேல் ஆசைப்படாதீர்கள். முழங்கால் வலியால் கீழே உட்கார முடியாத மாமியார் வீட்டில் இருந்தால், கரையை ஒன்றரை அல்லது இரண்டடியாக உயர்த்திவிடுங்கள். பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டால் போதும், களை பிடுங்கும் இலாகா அவர்கள் வசம் போய்விடும். "நீ போம்மா, நான் பார்த்துக்கறேன்" என்பார்கள். பார்த்தும் கொள்வார்கள்.

கரைக்குச் செங்கல்லே போதும். மேற்சொன்ன அளவுக்கு நாலு வரிசை அடுக்க 100 செங்கல்லுக்குக் கொஞ்சம் மேலே ஆகும். சிமெண்டு வைத்துப் பூச வேண்டியதில்லை. சும்மா அடுக்கினாலே நிற்கும், இடுக்கு வழியாக அதிக ஜலம் வடிந்தும் போகும். மரப் பலகை பார்க்க அழகுதான். ஆனால் நம் ஊரில் அதைக் கரையான் நம்மைவிட அதிகமாக ரசிக்கும். அடித் தரையைச் சிமெண்டு போட்டு மூடிவிடாதீர்கள். கடப்பாரையால் நாலு குத்துக் குத்திக் கிளறி, மேலே அட்டைப் பெட்டிகளைப் பிரித்துப் பரப்புங்கள். புல் அடியிலேயே மடிந்துவிடும். கோரைப் புல் மட்டும் விதிவிலக்கு. அதற்கு அட்டை ஒரு பொருட்டல்ல. கிழங்கைத் தோண்டி எடுத்தால்தான் உண்டு.

இனி, உள்ளே போடும் சரக்கு. சிமெண்டு வந்த காலி மூட்டையை அளவுக்கு வைத்துக் கொள்ளுங்கள். ஒரு மூட்டை ஏறக்குறைய ஒன்றேகால் கன அடி. நம் பாத்திக்குச் சுமார் 15 மூட்டை வேண்டும்: செம்மண் 5, நன்றாக மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் 5, தென்னை நார்க் கழிவு 5. கூடவே வேப்பம் புண்ணாக்கு இரண்டு கிலோ. பச்சைச் சாணத்தை அப்படியே கொட்டிவிடாதீர்கள். அது மக்கும்போது உண்டாகும் சூட்டிலும் காரத்திலும் வேர் வெந்து போகும். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கட்டி கட்டியாக வரும் நார்க் கழிவை ஊற வைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டி, இன்னொரு முறை அலசிப் போடுவது நல்லது. உப்பும் துவர்ப்பும் போய்விடும். அரிசி களைவது மாதிரிதான்.

மேட்டுப்பாத்திக்கு ஒரு குறையும் உண்டு. மழையில் ஜலத்தை வடித்துவிடும் அதே குணத்தால் கோடையில் சீக்கிரம் காய்ந்தும் போகும். 2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டு, ஒரு குடம் தண்ணீருக்குக் காத்து நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். மண்ணின் மேலே இரண்டு விரற்கடை கனத்துக்குக் காய்ந்த சருகைப் பரப்பி வைத்தால் தாகம் வெகுவாகக் குறையும். அரிசி, பருப்பு, காய் கழுவிய தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து ஊற்றுங்கள். சோப்பு ஜலம் மட்டும் வேண்டாம்.

எப்போது ஆரம்பிப்பது? 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்று பாட்டி சொன்னதில் பட்டணத்துக்கும் பொருத்தமான கணக்கு இருக்கிறது. ஆடியில் போட்ட செடி, ஐப்பசி அடைமழை வருவதற்குள் வேர் ஊன்றித் தண்டு முற்றி நிற்கும். புரட்டாசிக் கடைசியில் அவசரமாகப் போட்ட பிஞ்சு நாற்று, முதல் பெருமழையிலேயே படுத்துவிடும். ஆடி தவறிவிட்டால் தை வரை பொறுத்திருங்கள்.

எதைப் போடுவது என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். வெங்காயமும் உருளைக்கிழங்கும் நமக்கு வேண்டாம். இடத்தை அடைத்துக் கொள்ளும், கடையிலும் வாடாமல் கிடைக்கும். வாங்கிய மறுநாளே வதங்கிப் போகிற சாமான் எதுவோ அதைப் போடுங்கள். முளைக்கீரையும் சிறுகீரையும் நாலு வாரத்துக்குள் பறிப்புக்கு வந்துவிடும். அரைக்கீரையைக் கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும். கடையில் வாங்கிய புதினாக் கட்டில் இலையை ஆய்ந்துவிட்டுத் தண்டை ஊன்றினாலே போதும். வெண்டை, விதை போட்ட ஒன்றரை மாதத்தில் காய்க்கத் தொடங்கும். தினம் பறிக்காவிட்டால் முற்றி நாராகிவிடும். கத்தரி இரண்டு, தக்காளி இரண்டு, மிளகாய் மூன்று, செடிக்குச் செடி ஒன்றரை முதல் இரண்டடி இடைவெளி. வடக்கு ஓரத்தில் இரண்டு கொம்பு நட்டு அவரைக் கொடியை ஏற்றினால், தை மாதத்துச் சூரியனை அது மற்றச் செடிகளுக்கு மறைக்காது. நாட்டு அவரை ஆடியில் போட்டால் மார்கழிக் குளிரில்தான் பூக்கும். 'இது மலடு' என்று நடுவில் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள்.

ஆனால் வெயில் வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்தாறு மணி நேரமாவது நேர் வெயில் படாத இடத்தில் கீரை கொஞ்சம் பிழைக்கும், காய் பிடிக்காது. அடுத்த வீட்டு மாடி நிழல் எப்போது விழுகிறது, எப்போது விலகுகிறது என்று ஒரு ஞாயிற்றுக் கிழமை கவனித்த பிறகு செங்கல் வாங்குங்கள்.

இந்தப் பதினெட்டுச் சதுர அடியினால் கறிகாய்ச் செலவே இல்லாமல் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். முதல் வருஷத்தில் செங்கல், உரம், கூலி எல்லாம் சேர்த்துப் பார்த்தால் கணக்கு நஷ்டத்தில்தான் நிற்கும். இரண்டாவது வருஷத்தில் உரம் மட்டும்தான் செலவு. அப்போதும் சாம்பார்க் காய் கடையிலிருந்துதான் வரும். வாரத்தில் இரண்டு நாள் கீரை, தினசரி மிளகாய், நினைத்தபோது புதினா, எப்போதாவது ஒரு கத்தரிக்காய்க் கூட்டு என்று இது பலன் கொடுக்கும். கீரையின் மேல் என்ன மருந்து தெளித்தார்களோ என்ற கவலையும் இல்லை. மாவுப் பூச்சி வந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயையும் கொஞ்சம் சோப்பையும் கரைத்துச் சாயங்காலத்தில் தெளியுங்கள். பூனைக்குத்தான் மருந்து கிடையாது. பொலபொலவென்ற புது மண்ணைக் கண்டால் அது தனக்காகத்தான் என்று நினைத்துக் கொள்ளும். விதை முளைக்கும் வரை மேலே முள் குச்சிகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு வையுங்கள்.

கொல்லையே இல்லாதவர்கள், "மொட்டை மாடியில் கட்டிவிட்டால் என்ன?" என்பார்கள். தயவுசெய்து அவசரப்பட வேண்டாம். ஓரடி கனத்துக்கு மண் நிரப்பி நனைத்தால் சதுர அடிக்கு 45 கிலோ வரை எடை வரும். நம் பாத்தி முழுவதும் மண்ணாக இருந்தால் 800 கிலோ! ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியக் கட்டட விதி வைத்திருக்கும் பாரக் கணக்கு சதுர மீட்டருக்கு 150 கிலோ, அதாவது சதுர அடிக்கு 14 கிலோ. மூன்று மடங்குப் பாரத்தைத் தலையில் ஏற்றினால் தளம் என்ன செய்யும்? விரிசல் விட்டு, ஈரம் இறங்கி, உள்ளே கம்பி துருப் பிடித்த பிறகுதான் கீழ் வீட்டுக்காரருக்கு விஷயம் தெரியவரும்.

2013-14-இல் தமிழக சர்க்கார் சென்னையிலும் கோவையிலும் மாடித் தோட்டத்துக்கென்று சாமான்களைத் தொகுத்து மானிய விலையில் கொடுத்தபோது, மண்ணுக்குப் பதில் தென்னை நார்க் கழிவைக் கொடுத்ததில் அர்த்தம் உண்டு. மாடிக்கு அதுவும் உரமும்தான் சரி. பைகளில் நிரப்பி, உத்தரமும் சுவரும் கீழே இருக்கும் ஓரங்களில் பரவலாக வைக்க வேண்டும். அடியில் செங்கல்லோ மணையோ வைத்துத் தளத்தில் காற்றோட்டமும் வடிகாலும் இருக்கும்படி பாருங்கள். அதற்கு மேல் ஆசை இருந்தால், கட்டட எஞ்சினீயர் ஒருவரை அழைத்துக் காட்டிய பிறகு செங்கல்லைத் தொடுங்கள்.

ஓர் அறுவடை முடிந்ததும் பாத்தி நாலைந்து விரற்கடை இறங்கியிருக்கும். யாரும் மண்ணைத் திருடிப் போகவில்லை. எரு மக்கி அமுங்கியிருக்கிறது. பழைய செடிகளைப் பிடுங்காமல் தரையோடு அறுத்துவிட்டு, வேரை உள்ளேயே மக்க விடுங்கள். மேலே இரண்டு மூட்டை எருவைப் பரப்பி, ஒரு வாரம் ஈரம் காயாமல் வைத்திருந்து, தை பிறந்ததும் வெண்டை விதையை ராத்திரி ஊறப் போட்டு மறுநாள் காலையில் ஊன்றலாம்.