நைட்டிங்கேல் குடும்பக் கல்லறை
புனித மார்கரெட் ஆலயம், ஈஸ்ட் வெல்லோ, ஹாம்ப்ஷயர்

1820 மே 12 அன்று இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் பிறந்து, கிரைமியப் போரில் காயமுற்ற வீரர்களுக்கு ஸ்குடாரி மருத்துவமனையில் சேவை புரிந்து, 1860இல் லண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் தாதியர் பயிற்சிப் பள்ளியை ஸ்தாபித்து, தொண்ணூறாம் பிராயத்தில் 1910 ஆகஸ்ட் 13 அன்று காலமான பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார், தம் பெற்றோரின் சமீபத்தில் இங்கே அடக்கமாகியிருக்கிறார்.

தந்தை வில்லியம், ஆண்மக்களுக்கே உரியவையென்று அக்காலம் கருதிய கிரேக்கம், லத்தீன், கணிதம் ஆகியவற்றைத் தம் இரு புதல்வியருக்கும் தாமே போதித்தவர். எனினும் இளைய மகள் தாதியாக விரும்பியபோது, தாயார் பிரான்ஸிஸும் தமக்கை பார்த்தினோப்பும் கடுமையாக எதிர்த்தார்கள். செல்வக் குடும்பத்துப் பெண்ணுக்குத் தகாத தொழிலென்று உலகமே அதை இகழ்ந்த காலத்தில், அவர்களை மட்டும் நிந்திப்பதற்கில்லை. 1853இல், ஆண்டுக்கு 500 பவுண்டு அளிக்கத் தந்தை இசைந்தபின்புதான் அவருக்குச் சுதந்திரம் சித்தித்தது. பிற்காலத்தில், கணவரை இழந்து பார்வையும் மங்கிய அந்தத் தாயாரைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்றவரும் அதே மகளே.

வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் அடக்கம் செய்ய அழைப்பு வந்தும், ஆடம்பரத்தை விரும்பாத அவருடைய மனமறிந்து உறவினர்கள் அதை மறுத்துவிட்டார்கள். இக்கல்லிலும் அவருடைய பெயரின் முதலெழுத்துக்களும், ஜனன மரணத் தேதிகளும் மட்டுமே பொறிக்கப்பட்டுள்ளன.